பத்திரம் யார் பேரில்? நிப்சி ஹஸல்: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தற்காலிகக் கடை வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே விற்பனைக்கு இருந்தது ஒரு சி.டி. விலை 100 டாலர். அடித்ததே 1,000 பிரதிதான். அதே பாடல்கள் ஒன்று விடாமல் இணையத்தில் இலவசமாகவும் கிடைத்தன. போட்டவரும் பாடியவரேதான். ஒளிவுமறைவு எதுவும் இல்லை, வாங்க வந்தவர்கள் தெரிந்தேதான் வந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் 1,000 பிரதியும் போய்விட்டது.

விற்றவர் ராப் பாடகர் நிப்சி ஹஸல். அந்த மிக்ஸ்டேப்பின், அதாவது பெரிய கம்பெனி இல்லாமல் பாடகரே வெளியிட்ட பாடல் தொகுப்பின், பெயர் ‘கிரென்ஷா’. அவர் வளர்ந்த பகுதியின் பெயரும் அதுதான். எந்த லேபிளையும், அதாவது இசைக் கம்பெனியையும், சாராத ராப் கலைஞர்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்தக் கதை வந்துவிடும். சரக்கைக் குறை, விலையை ஏற்று, ஊர் தானாகப் பேசும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. அந்த ஒரு நாளை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் வித்தை மாதிரிதான் தெரியும். முன்னேயும் பின்னேயும் நடந்ததைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், வருஷக்கணக்காக ஒரே கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஆள் தெரிவார். கேள்வி இதுதான்: பத்திரம் யார் பேரில்?

அந்த முனை

நிப்சியின் இயற்பெயர் எர்மியாஸ் ஜோசப் ஆஸ்கெடோம். 1985 ஆகஸ்ட் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். அப்பா எரித்திரியாவிலிருந்து குடியேறியவர், அம்மா ஆப்பிரிக்க அமெரிக்கர். வளர்ந்தது நகரத்தின் தென்பகுதியில், கிரென்ஷா பெருஞ்சாலையும் ஸ்லாசன் அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சுற்றி. ‘நிப்சி ஹஸல்’ என்பது பழைய நகைச்சுவை நடிகர் நிப்சி ரசலின் பெயரைத் திருப்பிப் போட்ட பட்டப்பெயர். ஹஸல் என்றால் ஓடியாடிச் சம்பாதிப்பது. பெயர் வைத்தவர்கள் ஆளைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார்கள்.

பள்ளிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. பதின்ம வயதிலேயே கிரிப்ஸ் என்ற பெரிய தெருக்கும்பலின் கிளையான ரோலிங் சிக்ஸ்டீஸோடு சேர்ந்தார். இதை அவர் பிற்காலத்தில் மறைத்ததும் இல்லை, பெருமைக்காக ஊதிப் பெரிதாக்கியதும் இல்லை. அந்தத் தெருக்களில் பிறந்த பையனுக்கு அது கிட்டத்தட்ட முகவரி மாதிரி என்றே பேசினார். 

2004-இல் அப்பாவோடும் அண்ணன் சாமியேலோடும் எரித்திரியாவுக்குப் போய் மூன்று மாதம் தங்கினார். தன்னைப் போன்ற நிறம் கொண்டவர்களே கடையும் அலுவலகமும் அரசாங்கமும் நடத்துகிற ஒரு நாட்டை முதல்முறையாகப் பார்த்தது தன்னை மாற்றியது என்று பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பிரபலங்கள் ‘ஒரு பயணம் என்னை மாற்றியது’ என்று சொன்னால் நான் பாதிதான் நம்புவேன். இவர் விஷயத்தில் நம்பக் காரணம் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு அவர் பேச்சில் ‘சொந்தம்’ என்ற சொல் ஏறிக்கொண்டே போகிறது.

2005-இல் முதல் மிக்ஸ்டேப். அதை அண்ணனும் தம்பியும் கார் டிக்கியில் வைத்து அதே கிரென்ஷா, ஸ்லாசன் முனையில் விற்றார்கள். இது அவர்கள் கண்டுபிடித்த முறை இல்லை. கலிபோர்னியா ராப்பில் கார் டிக்கி என்பது ஒரு பள்ளிக்கூடம். ஓக்லாந்தில் டூ ஷார்ட், வல்லெஹோவில் ஈ-40, ரிச்மண்டில் ஓர் இசைத்தட்டுக் கடையிலிருந்து தொடங்கிய மாஸ்டர் பி என்று ஒரு தலைமுறையே கையில் கேசட்டோடு நின்று விற்றுவிட்டுத்தான், அப்புறம் கம்பெனிகளோடு பேரம் பேசப் போனது. தெருவில் விற்றுக் காட்டியவனிடம் பேச்சுவார்த்தையில் ஒரு பலம் இருக்கிறது. ‘நீ இல்லாமலும் எனக்கு ஓடும்’ என்று அவனால் சொல்ல முடியும்.

பக்கத்தில் இருந்த கடை வளாகத்தின் வாகன நிறுத்தத்தில் சி.டி.யோடு டி-ஷர்ட்டும் விற்றார்கள். பிறகு அதே வளாகத்தில் ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுத்தார்கள். அந்த வளாகத்தை மறந்துவிட வேண்டாம், திரும்ப வரும்.

எபிக் காலம்

2008, 2009-இல் வந்த மிக்ஸ்டேப் வரிசை அவர் பெயரை நகரத்துக்கு வெளியே கொண்டுபோனது. எபிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய லேபிள் ஒப்பந்தம் போட்டது. 2010-இல் எக்ஸ்.எக்ஸ்.எல் என்ற ராப் இசைப் பத்திரிகை ஆண்டுதோறும் வெளியிடும் புதுமுகங்கள் பட்டியலில் ஜே. கோல், விஸ் கலீஃபா, பிக் ஷான் ஆகியோரோடு அவரும் இருந்தார். அந்த மூவருடைய பெரிய லேபிள் ஆல்பங்களும் 2011-க்குள் வந்துவிட்டன. நிப்சியின் முதல் ஸ்டூடியோ ஆல்பம் வந்தது 2018-இல்.

இடையில் நடந்தது இசைத்துறையில் புதிது இல்லை. எபிக்கில் ஓர் ஆல்பம் அறிவிக்கப்பட்டது, தள்ளிப்போனது, வரவே இல்லை. கம்பெனிக்கு உள்ளேயே குழப்பம். 2010-இல் அவர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார்.

லேபிள் ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். கம்பெனி முன்பணம் தரும். பதிவுச் செலவு, வீடியோச் செலவு என்று பலதும் பாடகர் கணக்கிலேயே ஏறும். ஆல்பம் விற்றால் பாடகருக்கு உள்ள பங்கு, வழக்கமாக நூற்றுக்குப் பதினைந்து இருபது என்ற அளவில் இருக்கும் ராயல்டி, முதலில் அந்தக் கடனைக் கழிக்கத்தான் போகும். கடன் முழுக்கக் கழியும்வரை கைக்கு ஒன்றும் வராது. சரி, கழிந்த பிறகாவது பாட்டு பாடகருடையதா என்றால் இல்லை. மாஸ்டர் எனப்படும் மூல ஒலிப்பதிவு கம்பெனி பேரில்தான் இருக்கும். வீட்டுக்கடன் முழுவதையும் நீங்கள் கட்டி முடித்த பிறகும் பத்திரம் வங்கியிடமே இருக்கும் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? இசைத்துறையில் அது பல பத்தாண்டுகளாக நடைமுறை.

எல்லா லேபிளும் திருடர்கள் என்று நான் சொல்லவரவில்லை. பத்துப் பேரில் பணம் போட்டு ஒருவர்தான் தேறுவார், அந்த ஒருவரிடம் எடுத்தால்தான் மற்ற ஒன்பது பேரின் நஷ்டம் ஈடாகும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு நியாயமும் உண்டு. தேறாமல், கைவிடப்படவும் இல்லாமல், கிடப்பில் போடப்படுகிறவன் நிலைதான் மோசம். நிப்சி அந்த இடத்தில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தவர்.

வெளியே வந்த கையோடு தன் கம்பெனியைத் தொடங்கினார். பெயர் ‘ஆல் மணி இன், நோ மணி அவுட்’. வருகிற காசு எல்லாம் உள்ளே, எதுவும் வெளியே போகாது என்று பொருள். 2010 டிசம்பரில் ‘தி மாரத்தான்’, அடுத்த ஆண்டு அதன் தொடர்ச்சி, இரண்டும் இலவசம். மாரத்தான் என்ற சொல் அதன் பிறகு அவருடைய துணிக்கடைக்கும் பெயரானது, ரசிகர்களின் வாய்மொழியாகவும் ஆனது.

நூறு டாலர்

இப்போது அந்த அக்டோபருக்கு வருவோம். யோசனை எங்கிருந்து வந்தது என்பதை நிப்சியே சொல்லியிருக்கிறார். ஜோனா பெர்கர் எழுதிய ‘கண்டேஜியஸ்’ என்ற வணிக நூலில், பிலடெல்பியாவில் ஓர் உணவகம் மலிவான தெரு உணவான சீஸ்ஸ்டீக்கை 100 டாலருக்கு விற்றுப் பேர் வாங்கிய கதை வருகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் இந்த விலையை வைத்தார்.

கணக்கைக் கையோடு போட்டுப் பார்க்கலாம். 1,000 பிரதி, ஒன்று 100 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். சி.டி. அடிக்க ஒன்றுக்கு ஓரிரு டாலர் ஆகும். மீதி அவருடையது. இதே தொகையை வழக்கமான ஒப்பந்தத்தில் பார்க்க என்ன வேண்டும்? 10 டாலர் ஆல்பம், 15 சதவீத ராயல்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு பிரதிக்கு ஒன்றரை டாலர். 1,00,000 டாலருக்கு 66,000-க்கு மேல் பிரதிகள் விற்க வேண்டும். அதுவும் முன்பணக் கடன் முழுக்கக் கழிந்த பிறகு. ஒரே ஊரில் ஆயிரம் பேரிடம் விற்பதா, நாடு முழுக்க அறுபத்தாறாயிரம் பேரிடம் விற்பதா என்பதே கேள்வி.

2008-இல் அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இதே வாய்ப்பாடுதான்: உண்மையான ரசிகர்கள் ஆயிரம் பேர், ஆண்டுக்கு ஆளுக்கு 100 டாலர், ஒரு கலைஞர் பிழைத்துக்கொள்ளலாம். கெல்லி அதை ஆண்டுக் கணக்காகத் தாளில் போட்டார். நிப்சி ஒரே நாளில் கல்லாவில் காட்டினார்.

ஆனால் அந்த ஆயிரத்தை உற்றுப் பார்த்தால் கொஞ்சம் குறையும். 100 பிரதியை வாங்கியவர் புகழ்பெற்ற ராப் பாடகர் ஜே-ஸி. ஒரே ஆள், 10,000 டாலர், மொத்தச் சரக்கில் பத்தில் ஒரு பங்கு. கதை செய்தியானதற்கு அந்தக் கொள்முதலும் முக்கியக் காரணம். ஆக, வாங்கியவர்கள் அதிகபட்சம் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். இதைச் சொல்வதால் சாதனை சிறுத்துவிடாது. ஆனால் இதை வைத்து ‘நீயும் செய்யலாம்’ என்று பாடம் எடுப்பவர்கள் அந்தப் பத்து சதவீதத்தை விட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் விட்டுவிடுகிற இன்னொன்று அதைவிடப் பெரியது. அந்தத் தொள்ளாயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? எட்டு வருஷமாக அவர் பாட்டைப் பின்தொடர்ந்தவர்கள், ‘தி மாரத்தான்’ தொடங்கி அவரிடம் இலவசமாகப் பாட்டு வாங்கியவர்கள் அவர்கள். பலர் அந்த முனையில் அவர் நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள். சி.டி.யோடு தனிக் கச்சேரிக்கான அனுமதியும் கிடைத்தது. அந்த விற்பனைக்கு அவர் வைத்த பெயரே ‘பிரவுட் டு பே’, பெருமையோடு காசு கொடுக்கிறேன் என்பது. பாட்டு ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்தது. நூறு டாலர் கொடுத்தவர்கள் பழைய பாக்கியைத் தீர்க்க வந்தவர்கள் மாதிரி வந்தார்கள். வருஷக்கணக்காக இலவசமாகக் கொடுக்காதவன் திடீரென்று நூறு டாலர் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

2014-இன் கடைசி நாளில் அடுத்தது, ‘மெயில்பாக்ஸ் மணி’. இம்முறை 100 பிரதி, விலை 1,000 டாலர். பெருக்கினால் அதே 1,00,000. பாட்டு வழக்கம்போல இணையத்தில் இலவசம். எனக்கு இது முதல் முறை போல ருசிக்கவில்லை. நூறு டாலர் என்பது ஒரு பேருந்து ஓட்டுநரும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கக்கூடிய தொகை. ஆயிரம் டாலர் வேறு உலகம். அங்கே பாக்கியைத் தீர்க்கிற உணர்வு இல்லை, சேகரிப்பாளர்தான் இருக்கிறார். முதலில் இருந்த வெப்பம் அதில் இல்லை.

கடை

2017 ஜூனில் மாரத்தான் துணிக்கடை திறந்தது. இடம், ஸ்லாசனும் கிரென்ஷாவும் சந்திக்கும் அதே வளாகம். சி.டி.யும் டி-ஷர்ட்டும் கையில் வைத்து விற்ற அதே வாகன நிறுத்தத்துக்கு முன்னால். துணியை வாடிக்கையாளரின் கைபேசிச் செயலியில் காட்டினால் அதோடு இணைந்த இசையும் காட்சியும் திறக்கும்படி அமைத்திருந்தார்கள். ‘ஸ்மார்ட் ஸ்டோர்’ என்று பத்திரிகைகள் அந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றியே எழுதின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த வளாகத்தில் வாடகைக்கு இருந்தவர்கள், ரியல் எஸ்டேட் முதலீட்டாளர் டேவிட் கிராஸோடு கூட்டு சேர்ந்து வளாகத்தையே வாங்கினார்கள்.

அங்கே கடை நடத்துவது சும்மா இல்லை. போலீஸ் கண்காணிப்பு எப்போதும் உண்டு. கும்பல் நடமாட்டம் உள்ள இடம் என்று நகர நிர்வாகம் அந்த வளாகத்தை விசாரித்துவந்த செய்தி அவர் இறந்த பிறகு வெளியே வந்தது. நிர்வாகத்தின் கண்ணில் அது பிரச்சினைக்குரிய மனை. அவர் கண்ணில் அது முதலீடு. 2018 பிப்ரவரியில் கிராஸோடு சேர்ந்து அதே பகுதியில் ‘வெக்டர் 90’ என்ற கூட்டுப் பணியிடத்தையும் பயிற்சி மையத்தையும் தொடங்கினார். கிரென்ஷா பெருஞ்சாலையில் 1.3 மைல் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட ‘டெஸ்டினேஷன் கிரென்ஷா’ என்ற திறந்தவெளிக் கலைத் திட்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. தெருமட்டத்தில் புது ரயில் வரப்போகிறது, ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும், விலை ஏறினால் பழைய ஆட்கள் வெளியேற்றப்படுவார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பயம். அதற்கு முன்னால் மண்ணில் பேர் போட்டுவிட வேண்டும் என்பது அவர் அவசரம்.

திரும்பவும் ஒரு பெரிய லேபிள்

2017 நவம்பரில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸோடு கூட்டு அறிவிக்கப்பட்டது. சில ரசிகர்களுக்கு இது உறுத்தியது. லேபிள் வேண்டாம் என்று ஏழு வருஷம் பேசிவிட்டு இப்போது ஏன்?

இங்கேதான் ‘தனித்து இயங்குவது’ என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனியே கூடாது என்பது அவர் கொள்கையாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எபிக்கில் அவர் வேலைக்காரர். அட்லாண்டிக்கில் ‘ஆல் மணி இன்’ என்ற கம்பெனி இன்னொரு கம்பெனியோடு கூட்டாளி. மூல ஒலிப்பதிவுகள் தன்னிடமே இருக்கின்றன என்று அவர் பேட்டிகளில் அழுத்திச் சொன்னார். வானொலிக்கும் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் நாடு முழுக்கக் கொண்டுபோகிற வேலையைப் பெரிய ஆள் செய்யட்டும், பத்திரம் மட்டும் கைமாறாது. டிக்கியில் சி.டி. விற்ற முன்னோர்கள் செய்த அதே பேரம்தான், கொஞ்சம் தாமதமாக.

2018 பிப்ரவரி 16-இல் ‘விக்டரி லேப்’ வந்தது. அமெரிக்க ஆல்பங்களை வாராவாரம் வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் 4-ஆம் இடம், ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்து முதல் வாரத்தில் 53,000 ஆல்பத்துக்குச் சமமான விற்பனை. அப்போதைய பெரிய ராப் வெளியீடுகளோடு வைத்தால் இது அடக்கமான எண்தான். அந்த ஆல்பத்தில் அவசரம் என்பதே இல்லை. சாமர்த்தியமான வார்த்தை விளையாட்டில் அவர் முதல் வரிசை ஆள் கிடையாது, அதை ரசிகனாகவே ஒத்துக்கொள்கிறேன். அவர் பலம் குரலின் கனம். கணக்குப் புத்தகத்தை ஒருவர் நிதானமாக வாசித்துக் காட்டுவது போல இருக்கும்: எங்கே நின்றேன், எவ்வளவு கொடுத்தேன், யார் போனார்கள். ஆல்பம் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரை பெற்றது. 2019 பிப்ரவரியில் விருது ராப் பாடகி கார்டி பி-க்குப் போனது.

மார்ச் 31

2019 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை மதியம். தன் கடை முன்னால், வாகன நிறுத்தத்தில், நிப்சி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. சுட்டவர் அவருக்கு அறிமுகமான, அதே கும்பலைச் சேர்ந்தவர். அதற்குச் சற்று முன்புதான் இருவரும் அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள். 2022 ஜூலையில் கொலைக் குற்றம் உறுதியானது, 2023 பிப்ரவரியில் குறைந்தபட்சம் 60 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கொலை நடந்ததற்கு மறுநாள், 2019 ஏப்ரல் 1 அன்று, கும்பல் வன்முறையைக் குறைப்பது பற்றி நகரக் காவல் துறைத் தலைவரோடு நிப்சி தரப்பு சந்திப்பதாக இருந்தது.

மெய்க்காப்பாளர் கூட இல்லாமல் ஏன் நின்றார் என்று அப்போது பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இந்த ஆய்வில் இதுவரை பார்த்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால், அவர் வேறு எப்படி நின்றிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த முனையில் எவரும் வந்து கைகொடுக்கலாம் என்பதுதான் அவர் வியாபாரத்தின் அடித்தளம். நூறு டாலர் கொடுத்தவர்கள் அதற்குத்தான் கொடுத்தார்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருந்துகொண்டு அந்தக் கடையை நடத்தியிருக்க முடியாது. மற்றவர்கள் வெற்றி வந்ததும் மலை மேல் வீடு வாங்கி ஊரைப் பாட்டில் மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதைக் கோழைத்தனம் என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 11 அன்று ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கில் அஞ்சலி நடந்தது. ஒபாமா அனுப்பிய கடிதம் வாசிக்கப்பட்டது. கிரென்ஷாவைப் பார்க்கிற பலருக்குக் கும்பலும் துப்பாக்கியும் விரக்தியும் மட்டுமே தெரிகிற இடத்தில் நிப்சி சாத்தியத்தைப் பார்த்தார் என்று அதில் எழுதியிருந்தார். பிறகு இறுதி ஊர்வலம் தென் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் 25 மைல் போனது. போன வழியில் அந்தக் கடை வளாகமும் இருந்தது.

‘விக்டரி லேப்’ பட்டியலில் 2-ஆம் இடத்துக்கு ஏறியது. 2020 கிராமியில் இரண்டு விருதுகள் கிடைத்தன, வாங்க அவர் இல்லை. 2022 ஆகஸ்ட் 15, பிறந்தநாள் அன்று, ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு அண்ணன் சாமியேலிடம் வந்தது, டிக்கியைத் திறந்து கூட நின்று விற்ற அதே அண்ணன்.

இன்றைக்கு ஓர் இளம் ராப் கலைஞர் என்னிடம் இந்தக் கதையைக் கேட்டு, நானும் 100 டாலருக்குப் போடட்டுமா என்றால், முதலில் எத்தனை வருஷம் இலவசமாகக் கொடுத்தாய் என்றுதான் கேட்பேன். அப்புறம், கையெழுத்துப் போட்ட தாள்களை எடுத்துவரச் சொல்வேன். பீட், அதாவது பாட்டின் பின்னணி இசை, செய்தவரோடு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, வீடியோ எடுத்த நண்பரோடு இருக்கிறதா, மூலப் பதிவுகள் யாருடைய கணினியில், யார் பெயரில் இருக்கின்றன என்று. விலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

2022 அக்டோபரில் அந்த ரயிலும் வந்துவிட்டது. கே வழித்தடத்தில் ஹைட் பார்க் நிறுத்தத்தில் இறங்கினால் கிரென்ஷா, ஸ்லாசன் சந்திப்பு. அந்தச் சந்திப்புக்கு நகர மன்றம் எர்மியாஸ் ‘நிப்சி ஹஸல்’ ஆஸ்கெடோம் சதுக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறது. தெருக் கம்பத்தில் பலகை இருக்கிறது. கீழே, அண்ணன் தம்பி சி.டி. விற்ற வாகன நிறுத்தம்.